அதிமனிதக் காதற் கதைகளில் சமத்துவமும் முன்னிலைச் சொற்களும்: சூப்பர்மேன் – லோயிஸ் லேன் இணையை முன்வைத்து

0. முன்னுரை

அளவிறந்த ஆற்றல் பெற்ற ஒருவரும் அவ்வாற்றல் எதுவும் இல்லாத ஒருவரும் காதல் கொள்ளும் கதைகள் இருபதாம் நூற்றாண்டின் வெகுமக்கள் இலக்கியத்தில் தனியொரு வகையாக வளர்ந்துள்ளன. இவற்றுள் காலத்தால் முற்பட்டவற்றுள் ஒன்றும் இன்றளவும் தொடர்வதும் அமெரிக்கச் சித்திரக்கதையான சூப்பர்மேன் கதையாகும். மலையைப் பெயர்க்க வல்ல ஒருவனுக்கும் செய்தித்தாள் நிருபர் ஒருத்திக்கும் இடையே சமத்துவம் என்பது எப்பொருளில் இயலும் என்னும் வினா இக்கதையின் உள்ளே பல பத்தாண்டுகளாக எழுப்பப்பட்டு வந்துள்ளது.

இவ்வினா கதைத் திறனாய்வாளர்க்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தில் இருவரும் ஒருவரையொருவர் ஒரே முன்னிலைச் சொல்லால் விளிக்கின்றனர். தமிழிலோ நீ, நீர், நீங்கள் என்பவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்காமல் உரையாடலை நகர்த்துவது அரிது. மூல ஆசிரியர் சொல்லாமல் விட்ட ஒன்றை மொழிபெயர்ப்பாளர் முதல் வாக்கியத்திலேயே சொல்லியாக வேண்டிய நிலை ஏற்படுகிறது. யார் உயர்ந்தவர், யார் தாழ்ந்தவர், இருவரும் நிகரா என்னும் தீர்ப்பு அவர் கையில் விழுகிறது. இத்தீர்ப்பு எந்த அடிப்படையில் அமைய வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதில் காதலர் இருவரும் அவன், அவள் என்னும் நிகரான வடிவங்களாலேயே சுட்டப்படுகின்றனர். அதன் காரணம் பிரிவு 5இல் விளங்கும்.

1. சமத்துவத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள்

சமத்துவம் என்பது அரசியல், சட்டத் துறைகளில் நிலைபெற்ற சொல். உரிமையில் வேறுபாடின்மை என்பதே அதன் முதன்மைப் பொருள். காதலர்க்கிடையிலான சமத்துவத்தைப் பேசும்போது ஒப்பு, ஈடு, இணை, துணை ஆகிய சொற்களையும் கருத வேண்டியுள்ளது.

ஒப்பு என்பது பண்புகளின் பொருத்தம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், தலைமக்களிடையே அமைய வேண்டிய ஒப்புமைகளாகப் பிறப்பு, குடிமை, ஆண்டு, உருவு, அருள், உணர்வு முதலிய பத்தினை வகுக்கிறது. களவியலோ ஒத்த தலைவனும் தலைவியும் எதிர்ப்படுவதைக் கூறுகையில், தலைவன் மிக்கவனாக இருப்பினும் அது விலக்கப்படுவதில்லை எனக் கூறுகிறது. ஆணின் மிகுதிக்கு இடம் தரும் இவ்விதி பெண்ணின் மிகுதியைப் பற்றிப் பேசவில்லை. ஒப்பு என்னும் சொல் தன்னுள் ஒரு சாய்வையும் கொண்டுள்ளது என்பது இதனால் புலனாகும்.

ஈடு என்பது அளவின் நிகர்மை. ஈடுகொடுத்தல் என்னும் வினையில் ஒருவர் முன்செல்ல, மற்றவர் பின்தங்காமல் உடன்வருதல் என்னும் பொருள் உண்டு. துணை என்பது உடனிருப்பவர் என்னும் பொருளோடு உதவி என்னும் பொருளையும் தருவது. துணைவினை, துணைத்தலைவர் என்பவற்றில் இரண்டாம் நிலை என்னும் கருத்தும் சேர்ந்துவிடுகிறது.

இணை என்னும் சொல்லே இக்கதைகளின் சிக்கலை முழுமையாகத் தாங்குகிறது. அது இருவர் கூடிய சோடியையும் குறிக்கும், நிகரானவரையும் குறிக்கும். அதிமனிதனோ இணையற்றவன் என்னும் அடைக்கு உரியவனாகவே படைக்கப்பட்டவன். இணையற்றவனுக்கு இணை அமைவது எவ்வாறு என்பதே இக்கதைவகையின் அடிப்படை வினா எனலாம்.

2. சமமின்மையின் நான்கு தளங்கள்

அதிமனிதக் காதலில் காணப்படும் சமமின்மை ஒற்றைத் தன்மையது அன்று. அதனை நான்கு தளங்களாகப் பிரித்து நோக்குவது மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன் தரும்.

முதலாவது ஆற்றல். பறத்தல், வலிமை, காயப்படாமை ஆகியன இதில் அடங்கும். வெளிப்படையாகத் தெரிவது இதுவே. ஆனால் இதனை நீக்க வழியில்லை. நீக்கினால் கதையே இல்லை.

இரண்டாவது அறிவு. அதிமனிதன் இரட்டை வாழ்வு வாழ்கிறான். கண்ணாடி அணிந்த நிருபன் கிளார்க் கென்ட், சூப்பர்மேன் ஆகிய இருவரும் ஒருவரே என்பது அவனுக்குத் தெரியும்; அவளுக்குத் தெரியாது. தன்னைப் பற்றி அவள் கருதுவன அனைத்தையும் அவன் அறிவான். அவனைப் பற்றிய முதன்மையான உண்மையை அவள் அறியாள்.

மூன்றாவது ஆபத்து. எதிரிகள் அவனைத் தாக்க இயலாதபோது அவளைத் தாக்குகின்றனர். காதலின் விலையைச் செலுத்துபவள் பெரும்பாலும் அவளே. 1973இல் வெளிவந்த ஸ்பைடர்மேன் கதையில் குவென் ஸ்டேசி இறந்தது இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு.

நான்காவது முடிவெடுத்தல். உண்மையைச் சொல்வதா, திருமணம் செய்துகொள்வதா, பிரிவதா என்பவற்றை யார் தீர்மானிப்பது என்பது இத்தளத்திற்குரியது. அவளைக் காப்பதற்காக என்னும் காரணம் காட்டி அவன் தனித்து முடிவெடுப்பது இக்கதைகளின் வழக்கமான போக்கு.

இந்நான்கனுள் ஆற்றல் ஒன்றே இயற்கையால் விளைந்தது. அறிவும் முடிவெடுத்தலும் அவனுடைய செயலால் விளைபவை. ஆபத்தை முற்றிலும் நீக்க இயலாது. எனினும், அதை அறிந்து ஏற்கும் வாய்ப்பை அவளுக்கு அளிக்க இயலும். எனவே இக்கதைகளில் சமத்துவம் என்பது ஆற்றலில் நிகராதல் அன்று. ஆற்றல் நிகரில்லாத நிலையிலும் அறிவையும் முடிவையும் பகிர்ந்துகொள்ளுதல் என்று வரையறுக்கலாம்.

3. கதையின் வரலாற்றில் இத்தளங்கள்

ஜெர்ரி சீகல் எழுத, ஜோ ஷூஸ்டர் வரைந்த சூப்பர்மேன், 1938 ஜூன் மாத ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் தோன்றினான். லோயிஸ் லேனும் அதே இதழில் அறிமுகமாகிறாள். கிளார்க்குடன் நடனத்திற்குச் சென்ற இடத்தில் முரடன் ஒருவன் அவளை வற்புறுத்துகிறான். கிளார்க் அஞ்சுபவன் போல நடிக்க, அவள் அம்முரடனைத் தானே அறைந்துவிட்டு, கிளார்க்கைக் கோழை என இகழ்ந்து வெளியேறுகிறாள். பின்னர் அவள் கடத்தப்படும்போது மீட்பவன் சூப்பர்மேன். ஒருவனையே அவள் ஒரு வடிவில் இகழவும் மற்றொரு வடிவில் வியக்கவும் செய்கிறாள். இருவர் மட்டுமே உள்ள இம்முக்கோணம் அடுத்த அரை நூற்றாண்டுக் கதைகளுக்கு அடித்தளமாயிற்று.

1958இல் லோயிஸ் லேனின் பெயரிலேயே தனி இதழ் தொடங்கப்பெற்று 1974 வரை வெளிவந்தது. அவ்விதழின் தலைப்பு அவளைச் சூப்பர்மேனின் தோழி என்றே அறிமுகப்படுத்தியது. தனி இதழ் பெற்றபோதும் அவள் அவனைச் சார்ந்தே பெயரிடப்பட்டாள் என்பது நோக்கத்தக்கது.

1980இல் வெளிவந்த இரண்டாம் சூப்பர்மேன் திரைப்படம் சமத்துவத்தை ஆற்றல் தளத்தில் தேடியது. காதலுக்காக அவன் தன் ஆற்றல்களைத் துறந்து இயல்பு மனிதனாகிறான். விரைவிலேயே ஓர் உணவகத்தில் அடிபட்டு, உலகத்தைக் காக்க இயலாதவனாய், ஆற்றலை மீளப் பெறுகிறான். இறுதியில் உண்மையை அறிந்ததால் லோயிஸ் படும் துயரைக் கண்டு, ஒரு முத்தத்தின் வழியே அவள் நினைவினின்று அவ்வறிவை அழித்துவிடுகிறான். அவளிடம் ஒப்புதல் கேட்கப்படுவதில்லை. ஆற்றலைத் துறப்பதால் சமத்துவம் பிறப்பதில்லை என்பதையும், அறிவைப் பறிப்பது எவ்வளவு அன்போடு செய்யப்பட்டாலும் சமமின்மையின் உச்சம் என்பதையும் இப்படம் ஒருசேரக் காட்டுகிறது.

சித்திரக்கதையில் மாற்றம் 1990களில் நிகழ்ந்தது. 1990 டிசம்பர் மாதமிட்ட இதழில், ஆற்றல் தற்காலிகமாக நீங்கிய நிலையில், கிளார்க் தன் விருப்பத்தைத் தெரிவிக்க லோயிஸ் இசைகிறாள். 1991 பிப்ரவரி மாதமிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் 662ஆம் இதழில் அவன் தன் இரட்டை வாழ்வை அவளிடம் வெளிப்படுத்துகிறான். 1996இல் திருமணம் நிகழ்கிறது. அவள் இசைந்தது சூப்பர்மேனுக்கு அன்று, கிளார்க்குக்கு என்பதும், திருமணத்திற்கு முன்பே உண்மை பகிரப்பட்டது என்பதும் இவ்வரிசையின் சிறப்பு.

1993 முதல் 1997 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடர் வேறொரு வழியைக் கையாண்டது. அங்குக் கிளார்க் மணம் வேண்டும்போது, 1995இல் ஒளிபரப்பான பகுதியில், லோயிஸ் அவன் கண்ணாடியைக் கழற்றி, கேட்பது இருவருள் யார் என்று திருப்பிக் கேட்கிறாள். உண்மையை அவன் அளிக்கவில்லை, அவளே கண்டறிகிறாள். அறிவுத் தளத்திலான சமத்துவம் கொடையாக வராமல் அவளது தொழில்திறனின் பயனாக வருகிறது.

4. அதிகாரமும் நெருக்கமும்

முன்னிலைப் பெயர்களின் சமூகப் பயன்பாட்டை ஆராய்ந்த ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் ஆகியோர் 1960இல் வெளியிட்ட கட்டுரையில் இரு நெறிகளைப் பிரித்துக் காட்டினர். அதிகார நெறியில் உயர்ந்தவர் தாழ்ந்தவரை ஒருமையால் விளித்து, பன்மையை எதிர்பெறுவார். நெருக்க நெறியில் இருவரும் ஒரே வடிவத்தைக் கொடுத்துப் பெறுவர். இதன்படி சமத்துவத்தின் அடையாளம் எந்த வடிவம் ஆளப்படுகிறது என்பதில் இல்லை. அது இருபுறமும் ஒன்றாக உள்ளதா என்பதில் உள்ளது.

தமிழ் மரபிலும் இதற்கு இடமுண்டு. ஒருவரைப் பன்மையால் கூறுவது வழக்கில் தோன்றிய உயர்சொல்லேயன்றி இலக்கண நெறிப்பட்டது அன்று எனத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் குறிக்கிறது. சங்கப் புலவர் வேந்தரை நீ என்று விளித்துள்ளனர். பக்திப் பாடல்களில் இறைவனும் நீ என்றே அழைக்கப்படுகிறான். இக்காலப் பேச்சுவழக்கிலும் தாயை நீ என்றும் தந்தையை நீங்கள் என்றும் விளிக்கும் குடும்பங்கள் பலவுண்டு. எனவே நீ என்பது தாழ்வையும் குறிக்கலாம், நெருக்கத்தையும் குறிக்கலாம், அடியார் இறைவனோடு கொள்ளும் உரிமையையும் குறிக்கலாம். லோயிஸ் சூப்பர்மேனை நீ என்று விளிக்கும்போது அது இவற்றுள் எது என்பதை அவன் அவளுக்குத் தரும் மறுவிளியே தெளிவாக்கும்.

5. மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்கள்

5.1 இரு முன்னிலைகள். 1938ஆம் ஆண்டுக் கதையைத் தமிழ் வழக்குக்கேற்பப் பெயர்த்தால் விந்தையான ஓர் அமைப்பு கிடைக்கிறது. கிளார்க்கிடம் லோயிஸ் இகழ்ச்சியோடு நீ என்பாள். நடிப்பின் பொருட்டு அவன் பணிந்து நீங்கள் என்பான். சூப்பர்மேனிடம் அவள் வியப்போடு நீங்கள் என்பாள். அவன் காப்பவனின் உரிமையோடு நீ என்பான். அதே இருவரிடையே ஒன்றுக்கொன்று எதிரான இரு சமமின்மைகள் நிலவுகின்றன. ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துள்ள இந்த அமைப்பைத் தமிழ் வெளிப்படுத்திவிடுகிறது. இவ்விரு சமமின்மைகளும் மறைந்து ஒரே பரிமாற்ற வடிவம் நிலைபெறுவதே இக்கதையின் நெடிய பயணம் எனலாம்.

1978ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் மாடித்தளத்து நேர்காணல் இதற்கு நல்ல சான்று. நிருபரும் நேர்காணப்படுபவரும் என்னும் உறவில் இருபுறமும் நீங்கள் பொருந்தும். அதனைத் தொடர்ந்து இருவரும் பறந்து திரும்பியபின் அதே வடிவம் தொடர்வது இயல்பாகாது. பின்னர்க் கிளார்க்காக வரும் அவன், கண்ணாடியைக் கழற்றி நிமிர்ந்து நின்று, மாறிய குரலில் உண்மையைச் சொல்லத் தொடங்கி, துணிவிழந்து மீண்டும் கூனுகிறான். ஆங்கிலத்தில் உடலும் குரலும் உணர்த்தும் இம்மாற்றத்தைத் தமிழில் முன்னிலை வடிவமும் உடன் உணர்த்த வல்லது. நிமிர்ந்த கணத்தில் ஒரு நீ, கூனிய கணத்தில் மீண்டும் ஒரு நீங்கள் என்று அமைத்தால் மூலத்தின் பொருள் குறைவதில்லை.

5.2 படர்க்கை. கதை சொல்லும் வாசகங்களில் சூப்பர்மேனை அவர் என்றும் கிளார்க்கை அவன் என்றும் லோயிஸை அவள் என்றும் குறிப்பது தமிழில் எளிதில் நேரக்கூடியது. இதனால் ஒரே மனிதன் இரு தரங்களாகப் பிரிகிறான். அவள் இரண்டாவது தரத்திலேயே நின்றுவிடுகிறாள். பாத்திரங்களின் உரையாடலில் உள்ள சமமின்மை பாத்திரங்களுடையது. கதை கூறுவோன் குரலில் உள்ள சமமின்மையோ மொழிபெயர்ப்பாளருடையது. எனவே அவன்–அவள் என்றோ அவர்–அவர் என்றோ நிகராக அமைப்பதே முறை. இரண்டாவதில் பால் தெளிவு குறைவதால் முதலாவது ஏற்புடையதாகிறது.

5.3 நாம், நாங்கள். ஆங்கிலத் தன்மைப் பன்மை கேட்போரை உள்ளடக்குகிறதா என்பதைக் காட்டுவதில்லை. தமிழில் நாம் என்பது உளப்பாட்டுப் பன்மை. நாங்கள் என்பது கேட்போரை விலக்கும் பன்மை. அதிமனிதன் தன் கடமையைப் பற்றிப் பன்மையில் பேசும்போது, அதனுள் லோயிஸ் அடங்குகிறாளா, அல்லது அது ஆற்றலுடையோர் கூட்டத்தை மட்டும் குறிக்கிறதா என்பதை மொழிபெயர்ப்பாளர் தீர்மானிக்க வேண்டும். உலகத்தைக் காக்க வேண்டும் என்னும் கருத்தை நாங்கள் என்று தொடங்கினால் அவள் காக்கப்படுவோருள் ஒருத்தி. நாம் என்று தொடங்கினால் காப்போருள் ஒருத்தி. முடிவெடுத்தல் தளத்திலான சமத்துவத்தை இவ்வேறுபாடு நுட்பமாகக் காட்டுகிறது.

5.4 எதிர்த்திசை. 1941இல் வில்லியம் மௌல்டன் மார்ஸ்டன் படைத்த வொண்டர் வுமன் கதையில் ஆற்றல் பெண்ணிடம் உள்ளது. அவள் அமேசான் குல இளவரசி. ஸ்டீவ் டிரெவர் அவளது தீவில் விமானம் வீழ்ந்து காயமுற்ற அமெரிக்கப் படை அதிகாரி. ஆற்றலையும் பிறப்பையும் கொண்டு நோக்கினால் நீங்கள் என்னும் விளி அவளுக்கு உரியது. ஆண்–பெண் உறவில் தமிழ் வழக்கு அதனை அவனுக்குத் தருகிறது. அதிகார நெறியும் குடும்ப வழக்கும் இங்கு மோதுகின்றன. சூப்பர்மேன் கதையில் இவ்விரண்டும் ஒரே திசையில் செல்வதால் மறைந்திருந்த உண்மை இங்கு வெளிப்படுகிறது: அங்கு அவள் கூறிய நீங்கள் அவனது பறக்கும் ஆற்றலுக்குத் தரப்பட்டதா, அவன் ஆண் என்பதற்குத் தரப்பட்டதா என்பதைப் பிரித்தறிய இயலாது.

6. கையாளத்தக்க உத்திகள்

தமிழில் இவ்வகைக் கதைகள் பெரிதும் மொழிபெயர்ப்பின் வழியே வந்தவை. 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸ், மீயாற்றல் நாயகர்களைத் தமிழ்ப் படிப்போர்க்கு அறிமுகப்படுத்தியது. 2007இல் வெளியான மூன்றாம் ஸ்பைடர்மேன் திரைப்படம் தமிழ், இந்தி, தெலுங்கு, போஜ்புரி ஆகிய மொழிகளிலும் குரல்மாற்றம் செய்யப்பெற்றது. சித்திரக்கதையின் உரையாடற் கூண்டில் இடம் குறைவு. திரையில் உதட்டசைவுக்கு ஏற்ப அசைகள் அமைய வேண்டும். செய்கிறாய் என்பதினும் செய்கிறீர்கள் ஓர் அசை நீண்டது. முன்னிலை வடிவம் உறவின் தன்மையால் அன்றி இடத்தின் அளவால் முடிவாகும் இடர் இங்கு உண்டு. இதனைத் தவிர்க்கப் பின்வரும் உத்திகள் உதவும்.

முதலாவது, தீர்மானத்தை ஒத்திப்போடுதல். வேண்டும், முடியும், தெரியும், போதும் முதலிய வினைகளும் போகலாம், பார்க்கலாம் போன்ற வடிவங்களும் இட விகுதி ஏற்பதில்லை. போகலாமா என்னும் வினாவில் முன்னிலை ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை. உறவு தெளிவுறாத தொடக்கக் காட்சிகளில் இவற்றைப் பயன்படுத்தலாம். ஆயினும் நெடும்பொழுது தொடர்ந்தால் உரையாடல் செயற்கையாகிவிடும்.

இரண்டாவது, மாற்றத்தின் இடத்தை முன்கூட்டியே குறித்தல். கதை முழுவதையும் படித்து, நான்கு தளங்களுள் எது எந்த இடத்தில் மாறுகிறது என்பதை அறிந்தபின்னரே முன்னிலை வடிவங்களை வகுக்க வேண்டும். உண்மை வெளிப்படும் காட்சி அதற்குரிய இயல்பான இடம். மூலத்தில் அவள் சூப்பர்மேன் என்னும் பட்டப்பெயரை விடுத்துக் கிளார்க் என அழைக்கத் தொடங்கும் இடங்களும் வழிகாட்டும்.

மூன்றாவது, மாற்றத்தை முதலில் தொடங்குபவர் யார் என்பதைக் கருதுதல். அவன் உண்மையை அளிக்கும் 1991ஆம் ஆண்டுக் கதையில் அவன் முதலில் வடிவம் மாற்றுவது பொருந்தும். அவளே கண்டறியும் தொலைக்காட்சித் தொடரில் அவள் முதலில் மாற்ற வேண்டும். அவள் தொடுக்கும் வினாவே நீ என்று அமைந்தால், இருவராக இருந்தவனை ஒருவனாக்குவது அந்தச் சொல்லே ஆகிவிடும்.

நான்காவது, திருமணத்திற்குப் பின் பழைய வழக்குக்குத் திரும்பாமை. மனைவி கணவனை நீங்கள் என்பதும் பெயர் சொல்லாமையும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் நிலவிய வழக்கு. 1996ஆம் ஆண்டுத் திருமணக் கதையைப் பெயர்ப்பவர் இயல்பு கருதி இவ்வழக்கைப் புகுத்தினால், அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கதை முயன்று அடைந்த ஒன்று ஒரு விகுதியால் இழக்கப்படும். இயல்பான தமிழ் என்பதும் உண்மையான மொழிபெயர்ப்பு என்பதும் முரண்படும் இடம் இது. இங்குப் பின்னதற்கே முதன்மை தர வேண்டும். இக்கால இளையோர் வழக்கில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் நீ என்பது பரவியிருப்பதால் முரண்பாடும் முன்போல் கடுமையாக இல்லை.

7. முடிவுரை

அதிமனிதனுக்கும் இயல்பு மனிதருக்கும் இடையிலான காதலில் ஆற்றலின் வேறுபாடு நீங்குவதில்லை. நீங்க வேண்டியதும் இல்லை. ஆற்றல் மிக்கவர் தம் உண்மையை மறைக்காமையும், மற்றவரது ஆபத்தை அவரே அறிந்து ஏற்க இடந்தருதலும், முடிவுகளைத் தனித்து எடுக்காமையுமே இங்குச் சமத்துவம் எனப்படும். மொழியில் அதன் அடையாளம் பரிமாற்றம் ஆகும். பெற்ற சொல்லையே திருப்பித் தர இயலும் நிலையே அது.

ஆங்கில மூலம் இதனைக் குறிப்பாக விட்டுவிடலாம். தமிழ் மொழிபெயர்ப்பு அவ்வாறு விட இயலாது. இது பெறுமொழியின் குறையன்று. காதலர் இருவரும் எந்த இடத்தில் நிகராயினர் என்பதைப் படிப்போர் செவியால் அறியும் வாய்ப்பு தமிழுக்கு உண்டு. அவ்வாய்ப்பைப் பயன்படுத்துவதா, வழக்கத்திற்கு விட்டுக்கொடுப்பதா என்பது ஒவ்வொரு வாக்கியத்தின் இறுதி விகுதியிலும் மொழிபெயர்ப்பாளர் எடுக்க வேண்டிய முடிவாகும். இந்திய மொழிகள் பலவற்றிலும் முன்னிலையில் மதிப்பு வேறுபாடு உண்டாதலின், இவ்வாய்வை அம்மொழிகளின் குரல்மாற்றப் படங்களுக்கும் விரித்து ஒப்பிடுதல் பயன் தரும்.